கல் நிற்கிற நிலம்

கைடு இல்லாமல் நாமே கார் ஓட்டிக்கொண்டு போகலாமா? அலோர் காஜாவில் மாலைத் தேத்தண்ணிக்கு ஒட்டுக்கடையில் கூடுகிறவர்களில் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. வேலை விஷயமாக அமெரிக்கா போகிறார். வேலை முடிந்ததும் சில நாள் விடுப்பு எடுத்து, அரிசோனாவும் யூட்டாவும் சந்திக்கிற எல்லையில் இருக்கும் மான்யுமென்ட் வேலியைப் பார்த்துவிட்டு வர அவருக்கு ஆசை. அந்த இடத்தைப் பெயர் தெரியாமலே நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பழைய கௌபாய் படங்களில் குதிரைகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடும்போது பின்னால் செக்கச்செவேலென்று தனித்தனியாக எழுந்து நிற்குமே, அந்தப் பாறைகள்தான்.

போகலாம் தம்பி, என்றேன். ஆனால் எப்படிப் போவது என்று கேட்கிற அதே மூச்சில், யாருடைய இடத்துக்குள் போகிறோம் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தெரிந்துகொண்டவருக்கு அந்தப் பள்ளத்தாக்கின் 27 கிலோமீட்டர் பாதையே வேறாகிவிடும். அன்று பேச்சு அரிசோனாவில் தொடங்கி, தாபோ நானிங்குக்கு வந்து, நம் தோட்டங்களில் போய் நின்றது. கொஞ்சம் நீளமான விஷயம். இன்னொரு தே தாரிக் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

முதலில் பாதை. நவஹோ மக்களின் சொந்த அரசாங்கம் நடத்துகிற பூங்கா அது. அமெரிக்க மத்திய அரசின் தேசியப் பூங்கா என்று பலர் நினைத்துக்கொண்டு போகிறார்கள். தேசியப் பூங்காக்களுக்கு வாங்கிய ஆண்டு அட்டை அங்கே செல்லாது. தலைக்கு இத்தனை டாலர் என்று வாசலில் தனியாகக் கட்ட வேண்டும். பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலிருந்து பாதை பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. நீளம் 17 மைல், அதாவது அந்த 27 கிலோமீட்டர். அலோர் காஜாவிலிருந்து மலாக்கா டவுனுக்குப் போகிற தூரம்தான், ஆனால் தார் கிடையாது. செம்மண், மணல், மேடு பள்ளம். தோட்டத்து மண்சாலையில் ஓட்டிப் பழகியவருக்குக் கை தானாகவே நிதானப்படும். மற்றவர்கள் இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. மோட்டார் சைக்கிளும் வீடுபோல் கட்டிய பெரிய வேன்களும் இந்தப் பாதையில் போக முடியாது. வாடகைக் கார் எடுக்கிறவர்கள் ஒப்பந்தத்தை முழுக்கப் படிக்க வேண்டும். தார் போடாத சாலையில் ஓட்டக்கூடாது என்று பல நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கும். வண்டி நடுவழியில் நின்றால் இழுத்துவரும் செலவு உங்கள் தலையில்தான்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. அரிசோனா மாநிலம் கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவஹோ தேசம் மாற்றும். அதனால் கோடையில் ஃபீனிக்ஸ் நகரிலிருந்து கிளம்பி நவஹோ நிலத்துக்குள் நுழைந்தால் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுகிறோம். வாசல் அடைக்கிற நேரத்தை இது தெரியாமல் தவறவிடுகிறவர்கள் உண்டு.

இறங்கியதும் முதலில் தெரிவன இரண்டு மிட்டன் பாறைகள். குளிர் தேசத்தில் போடும் கையுறையில் கட்டைவிரல் மட்டும் தனியாக நிற்கும் அல்லவா, அந்த வடிவம். மேற்கில் ஒன்று, கிழக்கில் ஒன்று. அவற்றுக்குப் பக்கத்தில் மெரிக் பாறை. 1880 வாக்கில் வெள்ளி தேடி வந்து அந்தப் பக்கத்தில் கொல்லப்பட்ட ஒருவரின் பெயர் அது. உள்ளே போகப் போக யானை, ஒட்டகம், மூன்று சகோதரிகள், மழைக்கடவுள் மேடு, இடிப்பறவை மேடு என்று வரிசையாக வரும். டோட்டெம் போல் என்கிற ஒல்லியான கல் நூறு மீட்டருக்கு மேல் ஒற்றையாக நிற்கிறது. கடைசிப் பகுதி ஒருவழிப் பாதையாக மழைக்கடவுள் மேட்டைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறது. பெயர்களில் ஒரு பாதி வெளியிலிருந்து வந்தவர்கள் வைத்தது, ஒரு பாதி அந்த மக்களின் தெய்வங்களைத் தொட்டு நிற்பது. வரைபடத்தில் இரண்டும் ஒரே எழுத்தில் அச்சாகியிருப்பதால் வித்தியாசம் தெரிவதில்லை.

"இந்தக் கல்லை எல்லாம் யாரண்ணே செதுக்கினது?" என்று தம்பி கேட்டார். தண்ணீர்தான். பாலைவனத்தில் தண்ணீரா என்று ஆச்சரியப்பட வேண்டாம். நமக்குப் பெய்வதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அங்கே பெய்கிறது. பெய்கிறபோது தடுக்க மரம் இல்லை, உறிஞ்ச மண் இல்லை. ஒரே இரைச்சலாக ஓடி, எடுத்துப்போக முடிந்ததை எல்லாம் எடுத்துப்போய்விடும். குளிர்காலத்தில் வேறு வேலை. கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் இருக்கிற இடம், பனி விழும். விரிசலுக்குள் இறங்கிய நீர் உறைந்து விரிந்து பாறையைப் பிளக்கும். காற்றுக்கும் பங்கு உண்டு. அது மணலை வாரி இறைப்பதைக் கண்ணால் பார்க்கிறோம், அதனால் எல்லாப் பெயரும் அதற்கே போய்விடுகிறது.

பாறை ஏன் அந்த வடிவத்தில் நிற்கிறது என்பதற்குக் கூவே லாப்பிஸை நினைத்துக்கொள்ளுங்கள். அடுக்கடுக்காக ஊற்றி அவித்த பலகாரம். அதில் எல்லா அடுக்கும் ஒரே பதத்தில் இருக்கும். இங்கே ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு பதம். அடியில் ஆர்கன் ராக் என்னும் களிமண் பாறை, எளிதில் கரையும். அதன்மேல் டி ஷே மணற்பாறை. 27, 28 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல் மேடுகள் இறுகிக் கல்லானது இது. உயரமாய்ச் செங்குத்தாய் நம் கண்ணில் படுகிற சுவர் இதுதான். அதற்கும் மேலே மோயன்கோப்பி என்ற மெல்லிய அடுக்கு. உச்சியில் ஷினாரம்ப். பழைய ஆறு கொண்டுவந்த கூழாங்கற்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு இறுகிய கெட்டிப் பாறை.

உச்சியில் இருக்கிற கெட்டிப் பாறை மழையைத் தாங்கிக்கொள்கிறது. அடியில் இருக்கிற களிமண் பாறை கரைந்துகொண்டே வருகிறது. காலுக்கடியில் பிடிப்பு போனதும், நடுவில் உள்ள மணற்பாறை தன் செங்குத்தான விரிசல்கள் வழியே அப்படியே பலகை பலகையாகப் பிளந்து விழுகிறது. சரிவாக விழுந்தால் மலை ஆகியிருக்கும். நேராகப் பிளப்பதால் சுவர் ஆகிறது. விழுந்த கல்லும் மண்ணும் அடிவாரத்தில் பாவாடைபோல் பரவிக் கிடக்கும். முதலில் அகலமான மேடு, அது சுருங்கித் தனிப்பாறை, அதுவும் சுருங்கி ஒற்றைத் தூண். மழைக்கடவுள் மேடு முதல் நிலை, மிட்டன் நடு நிலை, டோட்டெம் போல் கடைசி நிலை. 27 கிலோமீட்டருக்குள் மூன்று நிலையையும் பார்த்துவிடலாம். இது தெரிந்து போனால், ஒவ்வொரு திருப்பத்திலும் எந்தக் கல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். படம் எடுப்பதைவிட எனக்கு இதில்தான் அதிக இன்பம் இருப்பதாகப் படுகிறது.

நிறத்துக்குக் காரணம் இரும்பு. மணல்துகள் ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் துரு மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கிறது. அந்தச் சிவப்பு நமக்குப் புதிதா என்ன? மலாக்காவில் போர்ச்சுக்கீசியர் 1511க்குப் பிறகு கட்டிய கோட்டையில் மிச்சமிருக்கும் வாசலைப் போய்த் தொட்டுப் பாருங்கள். துளைத் துளையாக, செம்பழுப்பாக இருக்கும் செம்புரைக்கல் அது. அதன் நிறத்துக்கும் இரும்புதான் காரணம். அங்கே வறட்சி, பாறை அம்மணமாக நிற்கிறது. இங்கே வெக்கையும் மழையும் பாறையை ஆழம்வரை மக்கவைத்து மண்ணாக்கி, கரையாத இரும்பையும் அலுமினியத்தையும் மட்டும் விட்டுவைத்திருக்கின்றன. கித்தாவும் செம்பனையும் வேர் பிடித்தது அந்தச் செம்மண்ணில்தான்.

இனி நிலம். நவஹோ தேசம் என்றால் பழங்குடிகளுக்கு ஒதுக்கிய சின்ன நிலத்துண்டு என்று எண்ண வேண்டாம். ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர், மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. நம் மலாக்கா மாநிலத்தைப்போல் நாற்பது மடங்குக்கு மேல். ஆனால் அது சும்மா மிஞ்சிய நிலம் இல்லை. 1863, 64இல் அமெரிக்கப் படை கிட் கார்சன் தலைமையில் வந்து பயிரைக் கொளுத்தியது, ஆட்டு மந்தைகளை அழித்தது, பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தது. பசியில் சரணடைந்த மக்களை நியூ மெக்ஸிகோவின் போஸ்கே ரெடோண்டோவுக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர் நடத்தியே கொண்டுபோனார்கள். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடைபட்டார்கள். பசியிலும் நோயிலும் ஏராளமானோர் மாண்டார்கள். ஹோஸ்கினினி போன்ற சில தலைவர்கள் மட்டும் தங்கள் கூட்டத்தோடு இந்தப் பாறைக் காட்டுக்குள் புகுந்து பிடிபடாமல் தப்பினார்கள். 1868 ஜூன் 1ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாகி, நவஹோ மக்கள் தங்கள் சொந்த மண்ணுக்கே திரும்பினார்கள். அமெரிக்கப் பழங்குடிகளின் வரலாற்றில் இப்படிச் சொந்த மண்ணுக்கே திரும்ப முடிந்தவர்கள் மிகக் குறைவு.

திரும்பி வந்த பிறகும் நிம்மதி என்று சொல்ல முடியாது. 1944க்குப் பிறகு யுரேனியம் தோண்டினார்கள். நவஹோ நிலத்தில் மூடாமல் கைவிட்டுப்போன சுரங்கங்கள் ஐந்நூறுக்கு மேல். இந்தப் பள்ளத்தாக்குப் பக்கமும் அதில் சேர்த்தி. சுரங்க வேலைக்குப் போனவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது, குடிநீர் கெட்டது. அழகான படங்களில் இது எதுவும் தெரியாது.

படங்களுக்கும் ஒரு கதை. ஹாரி கோல்டிங் என்பவரும் அவர் மனைவியும் 1920களில் அங்கே வியாபாரக் கடை வைத்தார்கள். பொருளாதார மந்தத்தில் எல்லாரும் நொடித்துக் கிடந்தபோது, 1938இல் கோல்டிங் பள்ளத்தாக்கின் படங்களை எடுத்துக்கொண்டு ஹாலிவுட்டுக்கே போனார். ஜான் ஃபோர்டு வந்து 'ஸ்டேஜ்கோச்' எடுத்தார்; 1939இல் வெளியானது. நவஹோ மக்களுக்கு அதில் கூலி கிடைத்தது. ஆனால் திரையில் அவர்கள் வேறு குலத்தாராக, அப்பாச்சிகளாக, சுடப்பட்டு விழுகிறவர்களாக நடித்தார்கள். தங்கள் சொந்த நிலத்தில், தங்கள் சொந்தப் பாறைகளுக்கு முன்னால். இருபது ஆண்டு கழித்து 1958இல் நவஹோ மன்றம் அந்த இடத்தைத் தன் முதல் பூங்காவாக்கியது. அதற்குப் பிறகு வாசல் அவர்களுடையது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது அதைச் சாத்தினார்கள், 2021 ஜூலையில்தான் திறந்தார்கள். சுற்றுலாப் பணம் போனாலும் பரவாயில்லை, வயதானவர்கள் பிழைக்கட்டும் என்று முடிவு செய்ய அவர்களால் முடிந்தது, சாவி அவர்கள் கையில் இருந்ததால்.

'கைடு இல்லாமல் போகலாம்' என்பது இப்படிப்பட்டவர்கள் கொடுக்கிற அனுமதி. அதற்கு எல்லை உண்டு. குறித்த பாதையை விட்டு இறங்கக் கூடாது. பாறைமேல் ஏறக் கூடாது. ட்ரோன் கூடாது. நவஹோ நிலத்தில் மதுவுக்குத் தடை. உள்ளே குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன; வாசல் கிழக்கு பார்த்த ஹோகன் வீடுகள் கண்ணில் படும். கேட்காமல் ஆட்களைப் படம் எடுக்கக் கூடாது. பாதைக்கு அப்பால் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் நவஹோ வழிகாட்டியோடுதான் போக முடியும். சில பயணிகள் இதை வியாபாரத் தந்திரம் என்று முணுமுணுப்பது உண்டு. அந்த வளைவுக்குப் பின்னால் ஒரு பாட்டியின் ஆட்டுப்பட்டி இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

பாட்டியின் ஆட்டுப்பட்டி என்று யோசித்துத்தான் சொன்னேன். நவஹோ மக்களிடம் குலம் தாய்வழி. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறவர் முதலில் அம்மாவின் குலத்தைச் சொல்வார், பிறகு அப்பாவின் குலத்தை. ஆடும் வீடும் வழிவழியாகப் பெண்களைச் சேர்ந்தவை. இதைச் சொன்னதும் எதிர் மேசையில் இருந்த அக்கா, "அப்படின்னா நம்ம நானிங்காரங்க மாதிரிதானே?" என்றார். அவர் தாபோ நானிங் பக்கம் பல வருஷம் துணி விற்றவர். அந்த ஒரு கேள்விக்காக நான் அவருக்கு எத்தனை தேத்தண்ணி வேண்டுமானாலும் வாங்கித் தருவேன்.

ஆம், அப்படியேதான். அலோர் காஜா மாவட்டத்தின் பெரும்பகுதி பழைய நானிங் நாடு. சுமத்ராவிலிருந்து வந்த மினாங்கபாவ் மக்கள் அமைத்தது. நெகிரி செம்பிலானில் இருப்பதுபோலவே இங்கேயும் அடாட் பெர்ப்பாத்தே. குலம் அம்மாவழி, மூதாதையர் நிலம் அம்மாவிடமிருந்து மகளுக்கு. அந்த நாட்டுக்கும் ஒரு போர் வந்தது. டச்சுக்காரர் காலத்தில் நானிங் கட்டி வந்தது பெயருக்கு ஆண்டுக்கு 400 கந்தாங் நெல். ஆங்கிலேயர் மலாக்காவை எடுத்துக்கொண்டதும் விளைச்சலில் பத்தில் ஒன்று கேட்டார்கள். தலைவர் டோல் சையிட் மறுத்தார். 1831இல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி 150 சிப்பாய்களையும் இரண்டு பீரங்கிகளையும் அனுப்பியது. வழியெல்லாம் மரங்களைச் சாய்த்துப் போட்டு மறித்தார்கள் நானிங் மக்கள். படை ஓட்டம் பிடித்து, பீரங்கிகளை விட்டுவிட்டு மலாக்காவுக்குத் திரும்பியது.

அந்தச் சிப்பாய்கள் யார்? மதராஸ் காலாட்படை. நம் ஊர்க்காரர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். மறு ஆண்டு மார்ச்சில் பெரிய படை கிளம்பியது. காட்டை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டே போய், ஜூன் 15இல்தான் தாபோவைப் பிடித்தது. நாம் அரை மணி நேரத்தில் ஓட்டிப்போகிற தூரத்துக்கு மூன்று மாதம். அந்தக் காட்டில் காய்ச்சலிலும் குண்டிலும் மதராஸ்காரர்கள் செத்தார்கள். படையில் இருந்த பெக்பி என்கிற பீரங்கி அதிகாரி இந்தப் போரைப் பற்றி எழுதிய புத்தகம் 1834இல் சென்னை வேப்பேரியில்தான் அச்சானது. டோல் சையிட் சரணடைந்து, கம்பெனியின் ஓய்வூதியத்தில் வாழ்ந்து, 1849இல் இறந்தார். கல்லறை தாபோ நானிங்கில் இருக்கிறது. தோட்டத்துக்கு ஆள் பிடித்து வருவதற்கு முன்பே நாம் இந்த மண்ணுக்கு வந்திருக்கிறோம், ஒருவர் நிலத்தை இன்னொருவருக்குப் பிடித்துக் கொடுக்க. பள்ளிப் புத்தகத்தில் நானிங் போரைப் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போரில் நானிங் தோற்றது. ஆனால் நிலம் முழுவதும் போய்விடவில்லை. 1886இல் மலாக்கா மரபு நிலங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. மலாய் மரபுப்படி உழுதுவந்த நிலங்கள் பதிவாயின. நானிங்கில் பெண்வழி உரிமை பிழைத்துக்கொண்டது. இன்றும் அந்த நிலங்களை யாரும் நினைத்தபடி வெளியாருக்கு விற்க முடியாது. அதனால்தான் அந்தப் பக்கம் கம்பங்கள் கம்பங்களாகவே இருக்கின்றன.

அந்தக் கம்பங்களில் நிற்கின்றன கற்கள். பத்து ஹிடுப், உயிருள்ள கல் என்பது அவர்கள் வைத்த பெயர். அலோர் காஜாவிலிருந்து தம்பின் போகிற பக்கமும், தாபோ நானிங்கைச் சுற்றியும், ஆளுயரத்துக்குக் கீழும் மேலுமாகப் பெரும்பாலும் கருங்கற்கள். சில தனியாக, சில சோடியாக, சில வரிசையாக. பழத்தோட்டத்துக்குள், இடுகாட்டு ஓரத்தில், வீட்டு வாசலுக்கு எதிரே. இவை இயற்கை செதுக்கியவை அல்ல, மனிதர் தூக்கி நிறுத்தியவை. ஏன் நிறுத்தினார்கள் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கல் வளர்கிறது என்பார்கள். தமிழ்நாட்டிலும் பெருங்கற்காலச் சின்னங்கள் உண்டு, நடுகல் உண்டு. அதை வைத்துக்கொண்டு இதுவும் நாம் நட்ட கல்தான் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்குச் சான்று கிடையாது. சொல்லக் கூடாது. அடுத்தவர் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு அது நம்முடையது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பார்த்தே ஆக வேண்டிய கற்கள் மாநில எல்லையைத் தாண்டி இருக்கின்றன. லுபோக் சீனாவைக் கடந்து லிங்கி ஆற்றின் பக்கம் போனால் பெங்காலான் கெம்பாஸ். அங்கே மூன்று கற்களுக்கு வாள், சுக்கான், கரண்டி என்று பெயர். வாள் கல்லில் அரபு எழுத்தில் அல்லா என்று செதுக்கியிருக்கிறது. பக்கத்தில் அகமது மஜ்னுன் என்பவரின் சமாதி. அங்குள்ள தூணில் ஜாவியிலும் பழைய காவி எழுத்திலும் கல்வெட்டு, ஆண்டு 1467. மலாக்காவில் சுல்தான் மன்சூர் ஷா ஆண்ட காலம். நாட்டுப்புறத்தில் இரண்டு எழுத்தும் ஒரே தூணில் கூடி நின்றிருக்கின்றன என்றால், புதிய சமயம் வந்தபோது பழையதைத் தூக்கி எறியாமல் அதன் பக்கத்திலேயே இடம் பிடித்தது என்றுதான் நான் வாசிக்கிறேன். கல்வெட்டுத் தூணோடு சேர்ந்த துளைக்கல் ஒன்றும் உண்டு. பொய் சொன்னவன் அதில் கையை விட்டால் துளை இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை.

இங்கே தம்பி கேட்டார்: "நம்ம கல்லு எங்கண்ணே?" நம் கற்களும் நின்றன. கித்தா மரத்தடியில் ஒரு கல், அதற்கு மஞ்சள், குங்குமம், சிவப்புத் துணி, பக்கத்தில் ஒரு சூலம். அது முனியாண்டி. இன்னொன்று மதுரை வீரன். பால்மரம் சீவப் போகிறவர்கள் இருட்டில் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் நிரைக்குள் நுழைவார்கள். டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் கித்தா நட்டு, பிறகு புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழும்பிய நாளிலிருந்து, டைமண்ட் ஜுப்ளி, தெபோங், கெமுனிங் என்று எங்கெல்லாம் லயன் வீடு வந்ததோ அங்கெல்லாம் இப்படி ஒரு கல் நிமிர்ந்தது. சில கற்கள் கோயிலாயின, கோபுரம் கண்டன.

நிலம் மட்டும் நம் பெயரில் இல்லை. 1950களின் கடைசியில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். நம்மவர்கள் நிலத்தின் அருமையைப் புரிந்துகொண்டு கைகோத்த பெரிய முயற்சி அது. ஆனால் எல்லாத் தோட்டத்தையும் அதனால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. கித்தா போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. நான் பிறந்த தோட்டத்திலும் அதுதான் நடந்தது. நிலம் கைமாறியது. புதிய உரிமையாளர் கோயிலை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார். அம்மன் சிலையைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. முனியாண்டி கல் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருந்தது. பெரியவர்கள் பூசை போட்டு, மன்னிப்புக் கேட்டு, அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். நவஹோ மக்களின் கல்லும் நானிங் மக்களின் கல்லும் இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கக் காரணம், கல்லின் கீழே இருக்கிற நிலம் அவர்கள் கையில் இருப்பதுதான்.

அதனால்தான் தம்பியிடம் இவ்வளவு சொன்னேன். தோட்டத்துப் பிள்ளைக்குச் சாலை என்றால் அனுமதி என்று தெரியும். கேட் இருக்கும், ஜாகா இருப்பார், ஆபீஸ் கிராணியிடம் சொல்லிவிட்டுத்தான் உறவுக்காரர்களே உள்ளே வர முடியும். அப்படி வளர்ந்தவர்கள் மான்யுமென்ட் வேலி வாசலில் கட்டணம் கட்டும்போது முணுமுணுக்க வேண்டியதில்லை. பாதையோரத்தில் நவஹோ பெண்கள் வெள்ளி நகையும் பாசிமணியும் விற்பார்கள். அவர்களிடம் வாங்குவது நேராக அவர்கள் கைக்குப் போகும். கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலோ மாலையிலோ போங்கள். நடுப்பகலில் வெயில் நேராக விழுந்து கல்லின் அடுக்குகள் தட்டையாகத் தெரியும்.

அமெரிக்கா போகாதவர்களுக்கு நானிங் போதும். காலையில் அலோர் காஜாவில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் தாபோ நானிங், டோல் சையிட் கல்லறை, பிறகு லுபோக் சீனா வழியாகப் பெங்காலான் கெம்பாஸ் என்று அரை நாளுக்கு மேல் ஆகாது. வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்க்கலாம். சமாதிப் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், குரலைத் தாழ்த்துங்கள். கற்களின்மேல் உட்காரவோ பிள்ளைகளை ஏற்றிவிடவோ வேண்டாம். பல கற்கள் தனியார் வீட்டு வளாகத்தில்தான் நிற்கின்றன. வேலி இல்லை என்பதற்காக நுழைந்துவிடாதீர்கள். வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, சலாம் சொல்லி, கல்லைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். வீட்டு ஆண்கள் முன்னால் வந்து பேசினாலும், நிலம் அநேகமாக அம்மா பெயரிலோ பாட்டி பெயரிலோ இருக்கும். அனுமதியை அவரிடம் கேளுங்கள்.